என் கண்ணில் வந்த கசமும் உன் வயர்த் துண்டுகளும்

மகன்,

உனக்கு என் ஸலாம். வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நீ இந்த வீட்டை விட்டு நிந்தவூருக்குப் போகிறாய். கல்முனையில் பஸ் ஏறினால் சாய்ந்தமருதும் காரைதீவும் தாண்டி அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடுகிற ஊர்தான். ஆனாலும் போவது போவதுதான். நம் பக்கத்தில் மகள் வீட்டோடு இருப்பாள், மகன்தான் மாப்பிள்ளையாகிப் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் இங்கே வந்தேன். இது உன் உம்மாவின் வீடு, இப்போது என் மூத்த மகள், உன் ராத்தாவின் வீடு. முப்பத்தொரு வருடமாகியும் இந்த ஒழுங்கையில் எனக்குப் பெயர் மாப்பிள்ளைதான். அதனால் போகிற உனக்கு ஆறுதல் சொல்ல நான் எழுதவில்லை. ஆறுதல் வேண்டியது உன் உம்மாவுக்கு. ஒரு கிழமையாக ஒரே அலுமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்குகிறாள். எனக்குச் சொல்ல வேண்டிய சில விசயங்கள் இருந்தன. வாயால் சொல்லிப் பார்த்தேன். நீ “ஓம் வாப்பா, ஓம் வாப்பா” என்று சொல்லிக்கொண்டே போனில் வயரிங் படம் பார்த்தாய். எழுதிக் கொடுத்தால் ஒரு தடவையாவது கடைசி வரை படிப்பாய் என்று நினைக்கிறேன்.

பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபம் ஏதும் வந்தால் மறந்துவிடுவேன். உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை. இதை நான் சலூனில் சொல்லியிருக்கிறேன், தேத்தண்ணிக் கடையில் சொல்லியிருக்கிறேன், நம் கடைக்குத் துணி வாங்க வந்தவர்களிடம் அவர்கள் கேட்காமலே சொல்லியிருக்கிறேன். உன் முகத்துக்கு நேரே மட்டும் சொன்னதில்லை. சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தலைக்கனம் இந்த வீட்டில் யாருக்கு இருந்தது என்பது உனக்கு நன்றாகவே தெரியும்.

என் தலைக்கனமெல்லாம் என் கண்ணில் இருந்தது. பஸாரில் நம் புடவைக் கடை சின்னது. பக்கத்தில் கண்ணாடி போட்ட பெரிய கடைகள் வந்துவிட்டன. ஆனால் சேலைக்குச் சட்டைத் துண்டு பொருத்த வேண்டுமென்றால் பாண்டிருப்பிலும் நற்பிட்டிமுனையிலும் நாவிதன்வெளியிலும் இருந்துகூடப் பெண்கள் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு நம் கடைக்குத்தான் வருவார்கள். சேலைக் கரையை ஒரு தடவை பார்த்தால் போதும், அந்த நிறத்துணி எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கதிரையை விட்டு எழும்பாமலே சொல்வேன். மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதவனை நான் மனிதனாகவே கணக்கெடுத்ததில்லை. நீ கடைக்கு வராமல் வயரிங் வேலை பழகப் போனபோது, “எங்கட கடையில எரநூறு நிறம் இரிக்கி. நீ அஞ்சு நிற வயரோட மல்லுக்கட்டப் போறாய்” என்று உன்னைக் கேலி செய்தேன். நீ சிரித்துவிட்டுப் போனாய். அந்த ஐந்து நிறம் பிற்பாடு என்னை என்ன பாடு படுத்தப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

நான்கு வருடங்களுக்கு முன்பு, மாரி மழை விட்ட சமயத்தில், என் இடது கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் மிதக்கத் தொடங்கின. முதலில் துணியில்தான் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்து வெள்ளைத் துணியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பிறகு கண் சிவந்தது, வெயிலில் இறங்கினால் கூசியது. அதற்கும் பிறகு பொலித்தீன் பைக்குள்ளால் பார்ப்பதுபோல் எல்லாம் மங்கியது. அப்போது உன் ராத்தாவுக்குச் சம்பந்தம் பேசி முடிவாகியிருந்த நேரம். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும், பின்பக்கத்துக் குசினியை உடைத்துக் கட்ட வேண்டும். பெண்ணின் வாப்பாவுக்கு ஏதோ வருத்தம் என்று ஒரு கதை கிளம்பினால் அது மாப்பிள்ளை ஊரான சாய்ந்தமருதுக்குப் போய் வேறு வருத்தமாகத் திரும்பி வரும். கல்யாணம் முடியட்டும், பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பாமசியில் போய்க் கண் சிவந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஒரு சின்ன வெள்ளைப் போத்தல் தந்தார்கள். மூன்று நாள் விட்டேன், சிவப்பு மாறியது. நிறுத்தினேன், திரும்ப வந்தது. போத்தல் முடிய முடிய வாங்கினேன். இப்படி ஐந்து மாதம் போனது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, சோறு நன்றாக இறங்கியது. எனக்கு ஒரு நோய் இருக்கிறது என்று நான் நம்பவே இல்லை.

கடையில் வெளிச்சம் போதாது என்று உன்னிடம்தான் முறையிட்டேன், நினைவிருக்கிறதா? நீ வந்து பல்ப் மாற்றினாய். இரண்டு கிழமையில் அதுவும் காணாது என்றேன். நீ அதைவிடக் கூடிய வெளிச்சத்தில் ஒன்று போட்டாய். மூன்றாம் தடவை ஏணியில் ஏறி நின்றவன், மேலே பார்க்காமல் கீழே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் ஒரு துண்டைக் கோணலாக வெட்டிக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தாய்.

“வாப்பா, பல்ப்ல ஒரு பிழையும் இல்ல. வலது கண்ணப் பொத்துங்க பாப்பம்.”

பொத்தினேன்.

“எத்தின விரல்?”

“காட்டினாத்தானே சொல்ல” என்றேன்.

நான் கையை எடுத்துப் பார்த்தபோது உன் மூன்று விரல்களும் என் மூக்குக்கு முன்னால் நின்றன. அன்று நீ கடையைப் பாதியில் பூட்ட வைத்தாய். பஸாரில் நடுப்பகலில் நம் கடை பூட்டியதைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர் யாரும் மௌத்தா, எத்தனை மணிக்கு அடக்கம் என்று கேட்டார்.

கண் டொக்டர் அம்மா எத்தனை நாளாக இப்படி என்று கேட்டா. ஒரு கிழமையாக என்றேன். நீ பின்னால் நின்று, “அஞ்சு மாசம் டொக்டர், போத்தல் எல்லாம் லாச்சியில கிடக்கு” என்றாய். கடை மேசையின் லாச்சியை எப்போது திறந்து பார்த்தாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கண்ணில் மருந்து விட்டுக் கறுப்பு விழியை விரிய வைத்து, உள்ளே வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்தா. பிறகு கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு, எனக்கோ வீட்டில் யாருக்குமோ எப்போதாவது கசம் வந்திருக்கிறதா என்று கேட்டா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் கண்ணக் காட்ட வந்தன் டொக்டர், நெஞ்சக் காட்ட வரல்ல” என்றேன். அவ கோபிக்கவில்லை. காசநோய்க் கிருமி நுரையீரலில் மட்டும் குடியிருப்பதில்லை, இரத்தத்தோடு எங்கேயும் போகும், கண்ணின் பின்பக்கம் இரத்தம் கூட ஓடுகிற இடம் என்பதால் அங்கேயும் போய் இருக்கும் என்று விளக்கினா. எப்போதோ உடம்புக்குள் வந்த கிருமி வருடக் கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு எழும்பலாம், இருமவே வேண்டியதில்லை என்றா. உடனே முடிவு கட்டவும் இல்லை. கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் தடிப்பை அளந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. கையில் மட்டும் ஊசி போட்ட இடம் கடுகடுத்துத் தடித்து நின்றது. வேறு நோய் ஏதும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்த பிறகுதான், இது கண்ணில் வந்த கசம் என்று சொன்னார்கள். பாமசியில் வாங்கிய போத்தல் சிவப்பை அமர்த்தியதே தவிர, உள்ளே இருந்ததைத் தொடவில்லை.

“இடது கண்ணப் பத்தி நான் இப்ப ஒரு வாக்கும் தரமாட்டன்” என்றா டொக்டர். “வலது கண்ணிலயும் தொடங்கியிரிக்கி. அதக் காப்பாத்தலாம். நீங்க ஒழுங்கா இருந்தா.”

நீங்க ஒழுங்கா இருந்தா என்று சொன்னபோது அவ என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தா. ஆளை ஒரே பார்வையில் எடை போடுகிற பெண்.

வரும் வழியில் உன் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்துகொண்டு உன்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தேன். உம்மாவுக்குச் சொல்லு, வேறு ஆருக்கும் சொல்லக்கூடாது என்றேன். நீ தலையைத் திருப்பாமல், “மச்சானுக்குச் சொல்லணும் வாப்பா” என்றாய். ராத்தாவைக் கட்டப்போகிறவரை நீ அப்போதே மச்சான் என்றுதான் சொல்லுவாய். கண்ணில் இருக்கும் கசம் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று டொக்டர் சொல்லியிருந்தா; ஆனாலும் வீட்டில் எல்லோரையும் பரிசோதித்துப் பார்ப்பது வழக்கம். அதற்காகச் சுகாதாரப் பரிசோதகர் நம் வீட்டுக்கு வந்தார். ஒழுங்கை முழுவதும் வாசலுக்கு வந்து பார்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? டெங்கு நுளம்பு பார்க்க வந்தவர் என்று முன்வீட்டுக்காரரிடம் சத்தமாகச் சொல்லி, அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூச்சாடி எல்லாம் கவிழ்த்துக் காட்டினேன். அவரும் பாவம், என் நிலையை விளங்கிக்கொண்டு தண்ணீர்த் தாங்கிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நீங்கள் மூன்று பேரும் போய்ப் பரிசோதித்து வந்தீர்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த கிழமை நீ சாய்ந்தமருதுக்குப் போய் மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். வீட்டுக்கு வந்து, ஒளிக்காமல், “சொல்லிட்டன் வாப்பா” என்று என்னிடமே வந்து நின்றாய். நான் கை ஓங்கினேன். இருபத்து மூன்று வயதுப் பிள்ளைக்குக் கை ஓங்கினேன். நீ நகரவில்லை. உன் உம்மா இடையில் வந்திருக்காவிட்டால் அந்தக் கை இறங்கியிருக்கும். அதற்காக இன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நான்கு வருடம் பிந்திவிட்டது, பரவாயில்லை என்று எடுத்துக்கொள். மச்சான் என்ன செய்தார்? கிளினிக்கில் போய் டொக்டரிடம் கேட்டார், அங்கிருந்து நேரே நம் வீட்டுக்கு வந்தார், சோறு சாப்பிட்டார். “மாமா, இதுக்கா இவ்வளவு நாள் ஒளிச்சீங்க” என்று கேட்டுவிட்டு இன்னொரு மீன் துண்டு கேட்டார். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. ஆனால் எல்லோரும் மச்சான்போல் இருக்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அது முறிந்திருந்தாலும் நீ செய்தது சரிதான். இதைச் சொல்லவும் எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

அந்தக் கோபத்தில் நான் உன்னோடு பன்னிரண்டு நாள் கதைக்கவில்லை. ஆனால் மருந்தை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து விழுங்க வைக்க வேண்டும் என்பது கிளினிக்கின் கட்டளை. நீதான் அதற்குப் பெயர் கொடுத்திருந்தாய். அந்தப் பன்னிரண்டு காலையும் நீ வெறும் வயிற்றுக் குளிசைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாய், நான் உன்னைப் பாராமல் எடுத்து விழுங்கினேன், நீ கிளினிக் கொப்பியில் அடையாளம் போட்டாய். குளிசையால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனபோது பயந்து உன்னிடம் கேட்க வேண்டும்போல் இருந்தும், வீம்பில் உம்மாவை அனுப்பிக் கேட்டேன். நீ, “அது அப்படித்தான் போகும், பயப்பட வேணாம் எண்டு சொல்லுங்க” என்று என் காதில் விழும்படி உம்மாவிடம் சொன்னாய். அது உண்மையில் கோபம் இல்லை மகன். என்னைவிட நீ பெரிய மனிதனாக நின்றதைத் தாங்க முடியாமல் வந்த வெட்கம்.

அதற்குள் நோன்பு வந்தது. இங்கேதான் நான் செய்த மிகப் பெரிய பிழை இருக்கிறது. குளிசையை விடியுமுன், சஹர் சாப்பாட்டுக்கு முன்னால் எடுக்கலாம் என்று கிளினிக்கிலேயே ஒழுங்கு செய்து தந்தார்கள். ஆனால் கண்ணுக்குச் சொட்டு மருந்து, டொக்டர் எழுதித் தந்த சரியான மருந்து, பகலில் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை விட வேண்டும். கண்ணில் விட்டால் தொண்டையில் கசக்கும், கசந்தால் நோன்பு முறிந்துவிடும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னது எனக்குள் கிடந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நோன்பையே விடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. பகல் முழுவதும் போத்தலை மூடி வைத்துவிட்டு, நோன்பு திறந்த பிறகு விட்ட குறைக்கெல்லாம் சேர்த்து நாலைந்து தரம் விட்டேன். கடையில் வைத்து விடுகிறேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். பக்திமான் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்ட நாட்கள் அவை. பதினோராம் நோன்பு அன்று கண் இரத்தமாகச் சிவந்து, தலையில் அந்தப் பக்கம் இடித்தது.

நீ போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கண்டுகொண்டாய். என்னோடு வாதாடவில்லை. லுஹர் தொழுகை முடிந்ததும் பள்ளியில் மௌலவிக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் இருத்தினாய்.

“கண்ணுல மருந்து விட்டா நோன்பு முறியாது ஹாஜியார்” என்றார் மௌலவி. “முறிஞ்சாலும், கண்ணு போகப் போகுது எண்டு டொக்டர் சொன்ன மனுசனுக்கு அல்லாஹ் சலுகை தந்துதானே இரிக்கான். இதக் கேக்க ஏன் பதினொரு நாள்?”

நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அங்கேயே, பள்ளி வராந்தாவில், ஆட்கள் பார்க்க, நீ என் தலையைப் பின்னால் சாய்த்து மருந்து விட்டாய். தொண்டையில் கசந்தது. கசக்கட்டும் என்று இருந்தேன். டொக்டர் பிறகு பார்த்துவிட்டு, இடது கண்ணின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, அது இனி மாறாது என்றா. அதில் எவ்வளவு பாமசிப் போத்தலால் வந்தது, எவ்வளவு என் பதினொரு நாளால் வந்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டும் என் கைவேலைதான்.

இனி இருந்தது வலது கண் ஒன்றுதான். அந்தக் குளிசைகளில் ஒன்று சில பேருக்கு நிறம் தெரிவதைக் குழப்பும், சிவப்பும் பச்சையும் மங்கினால் உடனே வர வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். கிளினிக்கில் அவர்கள் பார்க்கும் பரிசோதனை உனக்குப் போதவில்லை. வேலைத்தலத்தில் மிஞ்சிய வயர்த் துண்டுகளை, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மண்ணிறம் என்று ஒரு மட்டையில் டேப் போட்டு ஒட்டி, ஒவ்வொரு காலையும் குளிசையோடு அதையும் நீட்டினாய். “இது என்ன நிறம், இது என்ன நிறம்” என்று பாலர் வகுப்புப் பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்டாய். முப்பது வருடம் துணி விற்றவனிடம் சிவப்பைக் காட்டிச் சிவப்பா என்று கேட்கிறான் என்று உம்மாவிடம் பொருமினேன். சொன்னேன். தினமும் சரியாகச் சொன்னேன்.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் சிவப்பு மங்கத் தொடங்கியது. முதலில் பழைய துணிபோல் வெளிறியது, பிறகு மண்ணிறத்தோடு சேர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. மட்டையில் வயர்கள் இருந்த வரிசை எனக்கு மனப்பாடம். அதை அப்படியே ஒப்புவித்தேன். ஏன் என்று கேட்பாய். சொன்னால் மருந்தை எல்லாம் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் வலது கண்ணும் இடது கண் போன வழியே போகும் என்று பயந்தேன். வாழ்க்கையில் எனக்கு வந்த பயங்களில் அதைப்போல் வேறில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நிறம் தெரியாத புடவைக் கடைக்காரன் என்று பஸாரில் ஒருவன் சொல்லிவிட்டால் நான் எப்படி நடமாடுவேன் என்ற எண்ணமும் இருந்தது.

ஒரு காலை வழமைபோல் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பாடி முடித்தேன். நீ மட்டையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய் என் சட்டையோடு வந்தாய்.

“சட்டயப் போடுங்க வாப்பா. கிளினிக் போறம்.”

“இண்டைக்குத் தவணை இல்லையே.”

“முந்தா நாள் வயரக் கழட்டி இடம் மாத்தி ஒட்டினன். நேத்தும் பழைய வரிசையத்தான் சொன்னீங்க. வாய் தவறிப் போச்சோ எண்டு இண்டைக்கும் பாத்தன்.”

நம் கடைக்கு வழமையாக வரும் பாண்டிருப்பு ரீச்சர், நீ வயரை மாற்றிய அன்று கடையில் உன்னைக் கண்டு, “தம்பி, வாப்பாட கண்ணுக்குச் சுகமா? சிவப்புச் சேலைக்கு மண்ணிறத் துண்டு தந்திருக்கார்” என்று மெதுவாகச் சொன்னாவாம். அவ அதைப் பஸார் முழுக்கச் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொன்னா. அந்தத் துண்டைத் திருப்பித் தரவும் இல்லை. கிளினிக்கில் நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு குளிசையை மட்டும் நிறுத்தினார்கள், மற்றவை தொடர்ந்தன. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் நிறம் திரும்பியிருக்குமோ தெரியாது என்று டொக்டர் சொன்னா. இரண்டு மாதத்தில் சிவப்பு மெல்ல மெல்ல ஏறி வந்தது. மொத்தம் ஒன்பது மாதம் நீ எனக்குக் குளிசை தந்தாய். ஒரு காலைகூடத் தவறவில்லை. வாகரையில் வேலை கிடைத்தபோதும், தங்கி வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே அதை விட்டாய். கேட்டபோது தூரம் என்றாய். வலது கண்ணால் இன்றைக்கும் நான் ஊசிக்கு நூல் கோர்க்கிறேன். இப்போது எழுதிக்கொண்டிருப்பதும் அந்தக் கண்ணால்தான்.

இதையெல்லாம் நீ அறிவாய், பின்னே எதற்கு எழுதுகிறேன்? போன கிழமை கல்யாணச் சாமான் எடுக்க நிந்தவூர் மாமி, உன் மாமியாராக வரப்போகிறவர், மகளோடும் உன் உம்மாவோடும் நம் கடைக்கு வந்தார். நீ வேலைக்குப் போயிருந்தாய். நான் துணிகளை விரித்துப் போட்டேன். மாமி ஒவ்வொரு துணியையும் முகத்தின் ஒரு பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். நிறம் பார்க்க வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போனவர், வெயில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பிறகு மகளிடம் ரகசியமாக, “இது என்ன நிறம் மகள்?” என்று கேட்டார். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தபோது பார்த்தேன், சிவந்திருந்தது. கைப்பையைத் திறந்தார், உள்ளே ஒரு சின்ன வெள்ளைப் போத்தல் இருந்தது.

“கண்ணுக்கு என்ன தங்கச்சி?” என்று கேட்டேன்.

“ஒண்டும் இல்ல காக்கா. பெயின்ற் தூசி. மருந்து விடுறன்” என்றார்.

அவர்கள் போன பிறகு எனக்கு வியாபாரம் ஓடவில்லை. உன் மாமனாருக்குப் போன் எடுத்துச் சொன்னேன், எனக்கு வந்ததையும் மறைக்காமல் சொன்னேன். எனக்குக் கசம் வந்ததென்று நானாக வாய் திறந்து இன்னொருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நல்ல மனிதர், குரல் மாறியதாகத் தெரியவில்லை. “கல்யாணம் முடியட்டும் காக்கா, பொறகு பாப்பம். வீட்டில வேல கூடிப்போச்சு” என்றார். அந்தச் சொற்களை நான் சொன்ன காலத்தில் என்னை மறித்துக் கேட்க நீ இருந்தாய். அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை.

அது கசம் என்று நான் சொல்லவில்லை மகன். கண் சிவக்க ஆயிரம் காரணம் இருக்கும், பார்க்க வேண்டியது டொக்டர். உண்மையிலேயே பெயின்ற் தூசியாகவும் இருக்கலாம். அப்படியானால் இந்தக் கிழவன் கிளப்பிய பீதி என்று எல்லோரும் சிரிக்கட்டும், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் எத்தனை மாதமாகப் போத்தல் ஓடுகிறது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நீ கேட்க வேண்டும். இது லேசான காரியம் இல்லை. புது மாப்பிள்ளைக்கு முன்னால் மாமி வரமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் சொல்லி அனுப்புவார். நீயும் மாதக் கணக்கில் அவரோடு நேரே கதைக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று உன்னிடம் எல்லோரும் சொல்வார்கள். நானும் என் மாமியோடு முதல் வருடம் பத்துச் சொல் கதைத்திருக்கமாட்டேன். அந்த மரியாதையை நீ இரண்டாம் நாளே உடைத்துவிடு. விருந்துக்கு வந்தவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள், மாமனார் முகம் மாறும், மாமி உன்மேல் கோபிப்பார். இந்த வீட்டில் ஓங்கிய கைக்கு முன்னால் நகராமல் நின்றவன் நீ, ஒரு கோபத்துக்குப் பயப்படமாட்டாய். வெள்ளிக்கிழமை நீ அந்த வீட்டுப் படியேறும்போது, சனம் உன்னோடு என்ன வருகிறது என்று பெட்டிகளைப் பார்க்கும். நான் அந்த வீட்டுக்கு அனுப்புவது உன்னைத்தான் என்பது எனக்குத் தெரியும், அதில் எனக்கு இருக்கிற பெருமைக்கு அளவில்லை.

கண் கிளினிக் திங்கட்கிழமை. நம்பர் எடுக்க ஏழு மணிக்கு முன்னால் நிற்க வேண்டும். விருந்து நாள் என்று பின்போடாதே. இடது கண்ணின் நடுவில் தழும்பு விழுந்ததென்றால் என்ன என்று நீ என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு உன்னைப் பார்த்தால் உன் தலைமுடி தெரிகிறது, காது தெரிகிறது, தோள் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. உன் மாமிக்கு ஒரே மகள். அந்த முகம் அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், மகன். திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போ.

உன் வாப்பா